டேன்டம் சைக்கிளின் பின்சக்கரத்தை டிரம் பிரேக்கோடு எப்படிக் கழற்றுவது?

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சுவிஸில் துன் ஏரிப் பக்கம் இருக்கிறோம். என் கணவருக்குக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் இல்லாத காலத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவர், சைக்கிளை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. அதனால் போன வருடம் பழைய டேன்டம் ஒன்று வாங்கினோம். நான் முன்னால் இருந்து ஹேண்டிலைப் பிடிக்கிறேன், இவர் பின்னால் இருந்து மிதிக்கிறார். ஏற்றத்தில் இவர் கால்தான் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றுகிறது.

சைக்கிளில் மூன்று பிரேக் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக், அது போகப் பின்சக்கரத்தின் இடது பக்கத்தில் ஒரு டிரம் பிரேக். அராய் என்று பெயர் பொறித்திருக்கிறது. அதன் லீவர் இவருடைய பக்கத்து ஹேண்டிலில் இருக்கிறது, பெருவிரலால் தள்ளிவிட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். இறக்கம் வந்தால் நான் "போடுங்கோ" என்பேன், இவர் போடுவார், சமதரை வந்ததும் "விடுங்கோ" என்பேன். இது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை இன்டர்லாக்கனில் இருந்து திரும்பி வரும்போது பின் ரயரில் காற்றுப் போய்விட்டது. முன் சக்கரம் கழற்றிப் பழக்கம் இருந்ததால் அதே மாதிரி குயிக் ரிலீஸை (ஆக்சிலைக் கையால் திறந்து மூடும் பிடியை) திறந்தேன். சக்கரம் ஒரு விரல் அளவு இறங்கி அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. பார்த்தால் இடது பக்கம் டிரம்மில் இருந்து ஒரு தட்டையான இரும்புத் தகடு முன்பக்கமாக வந்து ஃபிரேமோடு பூட்டியிருக்கிறது, பக்கத்தில் ஒரு கேபிளும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டினேன், இழுத்தேன், அந்தத் தகடு கொஞ்சம் வளைந்துவிட்டது. அதற்கு மேல் தொடப் பயமாக இருந்தது. தெரிந்த ஒருவர் வான் கொண்டு வந்து ஏற்றிப் போனார். பக்கத்துக் கடையில் கேட்டேன், டேன்டம் வேலை எடுப்பதில்லை என்றார்கள்.

அடுத்த மாதம் பிரியன்ஸில் இருந்து புரூனிக் கணவாய் ஏறி லுங்கர்ன் வழியாக சார்னன் வரை இறங்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. நடுவழியில் இன்னொரு முறை இப்படி நின்றுவிடக் கூடாது. எதை முதலில் கழற்ற வேண்டும்? அந்த டிரம்மையே திருகி எடுக்க வேண்டுமா? இடது பக்கத்தில் ஓடுகிற மற்றச் செயினையும் கழற்ற வேண்டுமா? வளைந்த தகட்டை என்ன செய்வது? படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.


செயின்_கவர் எழுதியது:

சகோதரி, படம் பார்த்தேன். நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன், இதே டிரம் போட்ட டேன்டம் பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் டூவீலர் பட்டறையில் வேலை. அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன்.

ஊரில் பைக்கின் பின்சக்கரம் பஞ்சரானால் மெக்கானிக் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் பிரேக் ராடின் நுனியில் இருக்கும் நட்டைச் சுற்றி எடுப்பார். அடுத்து பிரேக் பிளேட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கும் டார்க் ராடின் போல்ட். அதன் பிறகுதான் ஆக்சில் நட்டில் ஸ்பேனர் வைப்பார். உங்கள் சைக்கிளிலும் அதே மூன்றுதான்: கேபிள், தகடு, ஆக்சில். நீங்கள் மூன்றாவதை முதலில் திறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது. வேறு எதுவும் கெட்டுப்போகவில்லை.

டிரம்மைத் திருகி எடுக்கவே வேண்டாம். அது ஹப்பின் இடது பக்கத்தில், வலது பக்கம் ஃப்ரீவீல் ஏறும் அதே அளவு மரையில் முறுக்கி ஏற்றியிருக்கிறது, ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அது இன்னும் இறுகத்தான் செய்யும். சக்கரத்தோடு சேர்ந்தே வெளியே வரட்டும். உள்ளே டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூ இருக்கும் பிளேட்டும் சக்கரத்தோடு வரும். ஃபிரேமில் தங்கப்போவது கேபிளும் அந்தத் தகட்டைப் பிடிக்கும் கிளிப்பும் மட்டும்தான்.

இடது பக்கச் செயினையும் மறந்துவிடுங்கள். அது முன் பெடலையும் பின் பெடலையும் சேர்ப்பது, பின்சக்கரத்துக்கே வராது. தொட்டால் இரண்டு பேருடைய பெடலின் ஒழுங்கும் மாறிப்போகும், அப்புறம் அது ஒரு தனி வேலை.

இப்போது வரிசை. சைக்கிள் நிற்கும்போதே பின்பக்கம் மிகச் சின்ன பல்சக்கரத்துக்கு கியரை மாற்றிவிடுங்கள். பைகளையெல்லாம் இறக்குங்கள். பின் வி-பிரேக்கின் வளைந்த குழாயைக் கழற்றி விரித்துவிடுங்கள். அடுத்து உங்கள் கணவர் டிரம் லீவரை முழுவதுமாகத் தளர்த்த வேண்டும், பாதியில் நின்றால் கேபிள் வராது. கேபிளில் கையால் திருகும் அட்ஜஸ்டர் இருந்தால் அதையும் உள்ளே திருகிவிடுங்கள், கொஞ்சம் தளர்வு கிடைக்கும். டிரம்மில் இருக்கும் சின்ன ஆர்மை, கேபிள் இழுக்கும் திசையிலேயே விரலால் தள்ளிப் பிடித்தால் கேபிள் தொய்ந்துவிடும். சில சைக்கிளில் கேபிள் நுனி ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும், அப்படியே தூக்கி எடுக்கலாம். உங்கள் படத்தில் கேபிளை ஒரு சின்ன போல்ட் நசுக்கிப் பிடித்திருக்கிறது. அதைத் தளர்த்தும் முன் கேபிள் எந்த இடத்தில் பிடிபட்டிருக்கிறதோ அங்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோட்டில் வைத்தால் போதும், பிரேக்கை முதலில் இருந்து சரிசெய்ய வேண்டாம். கேபிள் நுனியில் அலுமினியத் தொப்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இரண்டாவது தடவையே நூல் நூலாகப் பிரிந்துவிடும், பிறகு அந்தத் துளையில் நுழையாது.

கேபிள் வந்ததும் தகடு. கிளிப்பில் இருக்கும் போல்ட்டுக்கு உங்கள் படத்தைப் பார்த்தால் 10 மி.மீ. ஸ்பேனர் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது, வீட்டில் அளந்து பாருங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் கையால் திருகி வராது, ஒரு பக்கம் போல்ட் தலையையும் பிடிக்க வேண்டும், ஆகவே இரண்டு ஸ்பேனர். அந்த நைலான் நட்டு பல தடவை கழற்றினால் பிடிப்பு போய்விடும், சட்டைப்பையில் புதிதாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் குயிக் ரிலீஸ். ஒருவர் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் டிரெய்லரைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கீழே தட்டினால் வந்துவிடும். அந்த டிரெய்லர் என்று நான் சொன்னது செயினைத் தொங்கப்போட்டிருக்கும் கியர் கையை, பட்டறைப் பேச்சு வந்துவிட்டது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பதை நான் செய்வதில்லை. டேன்டம் நீளம், கவிழ்க்கும்போது பின் ஹேண்டிலில் இருக்கும் உங்கள் கணவரின் லீவர்தான் முதலில் தரையில் அடிபடும்.

பூட்டுவது பற்றி ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சக்கரத்தை ஃபிரேமில் முழுவதும் உட்காரவைத்து, தகட்டின் போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, பிறகு ஆக்சிலை இறுக்கி, அதன் பின்னரே தகட்டை இறுக்க வேண்டும். தகட்டை முதலில் இறுக்கினால் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து ஷூ உரசும்.


ரயர்_ரியூப் எழுதியது:

அக்கா, நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். சக்கரத்தை ஏன் கழற்ற வேண்டும்?

இங்கே நிறையச் சைக்கிளில் செயின் முழுக்க மூடி, பின்னுக்கு டிரம் அல்லது ரோலர் பிரேக் இருக்கும். பஞ்சர் என்றால் யாரும் பின்சக்கரத்தைக் கழற்ற மாட்டார்கள். சைக்கிளைச் சாய்த்து, ரயரின் ஒரு விளிம்பை மட்டும் லீவரால் தூக்கி, ரியூபை வெளியே இழுத்து, ஓட்டை உள்ள இடத்தை ஒட்டிவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். ஊரில் சைக்கிள் கடைக்காரர் செய்ததும் இதுதானே! தண்ணீர்ச் சட்டியில் ரியூபை அமுக்கிக் குமிழி பார்த்து, உரஞ்சி, சொலுஷன் பூசி, ஊதிக் காயவைத்து ஒட்டினது உங்கள் கணவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

ரோட்டில் தண்ணீர்ச் சட்டிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முள்ளோ கண்ணாடியோ ரயரில் குத்தி நிற்கிறதா என்று முதலில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றித் தேடுங்கள். கிடைத்தால் அந்த இடத்தில் ஒரு சாண் இரண்டு பக்கமும் ரயரைத் தூக்கினால் போதும். கிடைக்காவிட்டால் ரியூபுக்குக் கொஞ்சம் காற்று அடித்து கன்னத்துக்குக் கிட்டப் பிடித்தால் காற்று படுவது தெரியும். சொலுஷன் பூசியதும் அவசரப்படாமல் அதன் பளபளப்பு மங்கும் வரை விடுங்கள், ஈரத்தில் ஒட்டினால் அரை மணி நேரத்தில் திரும்பக் கிளம்பிவிடும்.

வால்வு வேரோடு பிய்ந்தாலோ, ரயரே கிழிந்தாலோ, டிரம் பக்கம் ஸ்போக் உடைந்தாலோ மட்டும் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். மற்றபடி பத்தில் பெரும்பாலானதை இப்படியே முடிக்கலாம்.


மழைக்கால்_பயணி எழுதியது:

எல்லோரும் நல்ல வழிதான் சொல்கிறீர்கள், ஆனால் இந்தக் காலத்தில் டிரம் எதற்கு? நல்ல டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் குயிக் ரிலீஸைத் திறந்ததும் சக்கரம் கையில் வந்துவிடும். கேபிள், தகடு எந்தத் தொல்லையும் இல்லை. எடையும் குறையும். இப்போது வருகிற டேன்டம் பலவற்றில் டிஸ்க்தான் இருக்கிறது.


செயின்_கவர் எழுதியது:

புது டேன்டம் வாங்குபவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன், 203 மி.மீ. டிஸ்க் நன்றாகவே நிறுத்துகிறது. ஆனால் சகோதரியின் ஃபிரேமில் டிஸ்க் காலிப்பர் மாட்ட இடமே இல்லை, படத்தைப் பாருங்கள். வெல்டிங் வைத்து இடம் பண்ண வேண்டும், அதை யாரையோ நம்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் உட்காரும் சைக்கிளில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

அதோடு இந்த டிரம் நிறுத்துவதற்கு வைத்தது இல்லை. நீள இறக்கத்தில் வேகம் கூடாமல் இழுத்துப் பிடிக்க வைத்தது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எனக்கு இது பிடித்த கணக்கு. இரண்டு பேர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 175 கிலோ என்று வைப்போம். புரூனிக் கணவாய் 1008 மீட்டர், லுங்கர்ன் ஏரி 688 மீட்டர். இறங்குவது 320 மீட்டர். 175 கிலோவை அவ்வளவு உயரம் இறக்கினால் வெளிவரும் சக்தி ஏறத்தாழ 550 கிலோ ஜூல், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகமாகப் போனால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து மெதுவாகப் போனால் அவ்வளவும் பிரேக்குக்குத்தான் வரும். ரிம் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு ரிம்முக்குப் போய், ரிம்மில் இருந்து டியூபுக்குப் போய், ஒரு வளைவில் டயர் வெடிக்கும். தனி ஆள் சைக்கிளில் இது அபூர்வம், டேன்டமில் அப்படி இல்லை. டிரம் அந்தச் சூட்டை ரிம்மை விட்டு விலக்கித் தன் மேல் வாங்கிக்கொள்கிறது, அதற்காகத்தான் அதன் மேல் அத்தனை வரி வரியாக மடிப்பு.

அதனால் இறங்கி வந்த உடனே பஞ்சர் என்றால் டிரம் பக்கம் கையே வைக்காதீர்கள். குறைந்தது இருபது நிமிடம் ஆறட்டும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சுர்ரென்று சத்தம் வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு சொட்டுதான், பாட்டிலைக் கவிழ்த்துக் குளிரவைக்கக் கூடாது.


மலைவழி எழுதியது:

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் பிரான்சில் இருக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் சவோய் மலைப் பக்கம் நானும் என் தம்பியும் டேன்டமில் போனோம். மழை. மேலே ஏறும்போதே பின் டயரில் ஸ்போக் குத்தி டியூப் போய்விட்டது, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. கை விறைத்துப் போயிருந்தது. டியூப் மாற்றினோம், சக்கரத்தை மாட்டினோம், கேபிளை மாட்டினோம், குயிக் ரிலீஸை மூடினோம். தகட்டின் போல்ட் தம்பியின் மழைக்கோட்டுப் பையில் இருந்தது. அவன் நான் போட்டுவிட்டேன் என்று நினைத்தான், நான் அவன் போட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

தகடு கிளிப்புக்குள் உட்கார்ந்துதான் இருந்தது, பார்வைக்குச் சரியாகவே தெரிந்தது. முதல் இறக்கத்தில் டிரம்மைப் போட்டேன். பிரேக் போட்டதும் உள்ளே இருக்கும் ஷூ சுழலும் டிரம்மைப் பிடிக்கிறது, பிடித்ததும் சக்கரம் ஷூவையும் பிளேட்டையும் தன்னோடு சுற்றப் பார்க்கிறது. அதைச் சுற்றவிடாமல் ஃபிரேமில் ஊன்றி நிற்பது அந்தத் தகடு ஒன்றுதான். போல்ட் இல்லாததால் அது கிளிப்பை விட்டு நழுவிக் கீழ்ப்பக்கமாகச் சுற்றியது, பிளேட் சுற்றியதும் கேபிள் தானாகவே இறுகியது, கேபிள் இறுகியதும் பிரேக் இன்னும் பலமாகப் பிடித்தது. நான் லீவரை விட்டேன், விட்டும் பயனில்லை. சக்கரம் பூட்டி, ஈரத்தில் வழுக்கி, இரண்டு பேரும் ரோட்டில். வேகம் கூடியிருக்காததால் எனக்கு முழங்கை, தம்பிக்கு முழங்கால், அதோடு போயிற்று. எதிரே வண்டி வரவில்லை. ஒரு நூறு மீட்டர் தள்ளி இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில நாள் தூக்கம் வராமல் யோசிப்பேன்.

ஆகவே சகோதரி, போல்ட் யார் பொறுப்பு என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போடட்டும், மற்றவர் கையால் தொட்டுப் பார்த்து வாயால் சொல்லட்டும். பிறகு ஏறாமல் நின்றபடியே டிரம்மைப் போட்டுவிட்டு சைக்கிளை முன்னால் பலமாகத் தள்ளுங்கள். சக்கரம் நிற்க வேண்டும், தகடு அசையக் கூடாது. முன்னால் தள்ளுவதுதான் முக்கியம், இறக்கத்தில் பளு வரும் திசை அதுதான்.


ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மலைவழி எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இவர் "போல்ட் என் பொறுப்பு" என்றார்.

ரயர்_ரியூப் தம்பி சொன்னது போலவே ஊரில் ஒட்டுப் போட்டது இவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. உரஞ்சுவதற்கு உப்புத்தாள் இல்லாவிட்டால் சீமெந்துத் தரையில் தேய்ப்பார்களாம்.

இரண்டு சந்தேகம் மிச்சம். வளைந்த தகட்டை நிமிர்த்தலாமா, அல்லது மாற்ற வேண்டுமா? மற்றது, பிரேக் பிளேட்டைச் சுற்றி நிறையக் கறுப்புத் தூசி இருக்கிறது. அதை ஊதித் துடைக்கலாமா?


செயின்_கவர் எழுதியது:

ஊதவே வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருக்கலாம், உங்களுடையது எந்த வருடத்தது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. துணியை நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். டபிள்யூடி ஸ்பிரே மாதிரி எதையும் அந்தப் பக்கம் அடிக்காதீர்கள், ஷூவில் எண்ணெய் பட்டால் பிரேக் போச்சு.

தகடு இரும்பு என்றால் சின்ன வளைவை நிமிர்த்தலாம், ஆனால் சைக்கிளில் இருக்கும்போது சுத்தியலால் தட்டக் கூடாது, அந்த அடி பிளேட்டுக்கும் பேரிங்குக்கும் போகும். சக்கரத்தைக் கழற்றி வைத்து, தகட்டைப் பெரிய ஸ்பேனரால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நிமிர்ந்த பிறகு போல்ட் துளையைச் சுற்றியும் வளைந்த இடத்திலும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடி அளவு விரிசல் தெரிந்தாலும் அதை ஓட்டாதீர்கள். விரிசல் இல்லை, தகடு கிளிப்புக்குள் தானாகவே போய் உட்காருகிறது, இழுத்துப் பிடித்துப் பூட்ட வேண்டியதில்லை என்றால் சரி.

வளைவு எந்தப் பக்கம்? உள்ளே ஸ்போக் பக்கமா, வெளியே குதிகால் பக்கமா?


ஏரிக்கரை எழுதியது:

வெளியே. ஐந்து மி.மீ. இருக்கும். இவர் விரலால் தடவி "விரிசல் ஒன்றும் இல்லை" என்கிறார், நானும் டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரியவில்லை.


செயின்_கவர் எழுதியது:

அப்படியென்றால் நிமிர்த்திவிட்டு ஓட்டலாம். நிமிர்த்திய பிறகு முதல் மூன்று நான்கு தடவை வெளியே போய் வந்ததும் அதே இடத்தை உங்கள் கணவரே தடவிப் பார்க்கட்டும். பட்டறையில் என் முதலாளி கண்ணை நம்ப மாட்டார், நகத்தை ஓட்டித்தான் விரிசல் பார்ப்பார்.


ஏரிக்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தகட்டை நிமிர்த்தினோம். பிறகு வீட்டு நிலவறையில் வைத்து நான்கு நாள் பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகினோம். முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆனது. நான் நெயில் பாலிஷ் கோட்டைத் தேடிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் இவர் "நீங்கள் சைக்கிளைத் தூக்கிப் பிடியுங்கோ, நான் கழற்றுகிறேன்" என்று மாறினார். கோடு இவருக்குத் தெரியாதே என்று கேட்டேன். கேபிளில் கோடு இருந்த இடத்தில் ஊசியளவு பசை நாடாவை இறுக்கிச் சுற்றிவிட்டார், விரலுக்குத் தட்டுப்படுகிறது. போல்ட்டுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார், கழற்றியதும் அதை வாயில் உதட்டால் கவ்விக்கொள்வார். வாய் காலியானால்தான் பேச முடியும், பேசினால்தான் நான் சைக்கிளைக் கீழே விடுவேன். நான்காம் நாள் பன்னிரண்டு நிமிடம்.

போன ஞாயிறு புரூனிக் போனோம். ஏற்றம் கஷ்டமாகத்தான் இருந்தது, இரண்டு இடத்தில் நின்றோம். கணவாயில் தேநீர் குடித்துவிட்டு, மலைவழி சொன்னபடி டிரம்மைப் போட்டு முன்னால் தள்ளிப் பார்த்து, இவர் தகட்டைத் தொட்டு "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் ஏறினோம். இறக்கம் முழுக்க இவர் கையில் டிரம். வளைவு வரும்போது நான் "இன்னும் கொஞ்சம்" என்பேன், நேர் ரோட்டில் "விடுங்கோ". ரிம் பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் பிடித்தேன். லுங்கர்ன் ஏரிக்கரையில் நிறுத்தியதும் இவர் இறங்கி, உள்ளங்கையை டிரம்முக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கால் மணி நேரம் என்றார். நான் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான்.

சார்னன் போகும் வழியில் முன் ரயர்தான் காற்றுப் போனது. சக்கரத்தைக் கழற்றாமலே தம்பி சொன்ன மாதிரி ஒட்டினோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். டிரம் போடாத நேரத்திலும் சக்கரம் சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் சர் சர் என்று மெல்லிய சத்தம் கேட்கிறது. இவர் காதுக்குத்தான் முதலில் கேட்டது. சக்கரம் தடைப்படவில்லை. இது பரவாயில்லையா?


செயின்_கவர் எழுதியது:

படிக்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது சகோதரி. அந்தப் பசை நாடாவை நானும் போடப்போகிறேன்.

சத்தம் பற்றி: கையால் சுற்றிவிட்டால் சக்கரம் தானாக ஓடித் தானாக நிற்கிறது, திடீரென்று பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். டிரம் இம்மி அளவு வட்டம் பிசகியிருந்தாலும் ஷூ ஒரு இடத்தில் தொட்டுப் போகும். அட்ஜஸ்டரை அரைச் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள், நிற்கக்கூடும். சத்தம் நாளுக்கு நாள் கரகரவென்று கூடினால் மட்டும் சக்கரத்தைக் கழற்றி ஷூவைப் பாருங்கள். இந்த டிரம் இப்போது தயாரிப்பில் இல்லை, புது ஷூ கிடைப்பது கஷ்டம். ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் ஷூவுக்கு லைனிங் ஒட்டிக் கொடுக்கும் பட்டறைகள் ஐரோப்பாவில் இன்னும் இருக்கின்றன, பழைய ஷூவைக் கொடுத்தால் அதன் மேலேயே புது லைனிங் ஒட்டித் தருவார்கள். அதனால் தேய்ந்த ஷூவை எந்தக் காரணத்துக்கும் தூக்கிப் போடாதீர்கள்.


ஏரிக்கரை எழுதியது:

அரைச் சுற்று திருகினேன், சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது லீவர் முன்பைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போகிறது என்கிறார் இவர். பாதி தூரத்தில் பிடிக்கிறது. அப்படியே விடுகிறோம்.


செயின்_கவர் எழுதியது:

பாதியில் பிடித்தால் சரி. முக்கால் தூரம் தாண்டினால் சொல்லுங்கள்.